மருத்துவக் கல்லூரி வாயிலில் பௌதிகம்

1840ஆம் ஆண்டில் டச்சுக் கப்பலொன்றில் வைத்தியராகப் பணியேற்று ஜாவாத் தீவின் சுரபாயாத் துறைமுகத்தை அடைந்த ராபர்ட் மேயர் என்ற 25 வயது ஜெர்மானிய இளைஞர், நோயுற்ற மாலுமிகளுக்கு அக்கால வழக்கப்படி கைச்சிரையைக் கீறி இரத்தம் வடித்தபோது, கருஞ்சிவப்பாக வரவேண்டிய சிரை இரத்தம் ஒளிர்சிவப்பாக வரக் கண்டு, தமனியைத்தான் கீறிவிட்டோமோ என்று ஒரு கணம் திடுக்கிட்டார். அது சிரை இரத்தமே என்று தெளிந்த பின்னும் அந்த நிறத்தின் காரணத்தை ஆராய்வதை அவர் விடவில்லை. உஷ்ணப் பிரதேசத்தில் உடலின் வெப்பம் வெளியே சிதறுவது குறைவாதலால் அதை ஈடுசெய்ய உணவை எரிக்கவேண்டிய தேவையும் குறைகிறது. எரிப்பதில் செலவாகாத பிராணவாயு இரத்தத்திலேயே எஞ்சி அதைச் சிவக்கச் செய்கிறது என்று அனுமானித்தவர், அந்த அனுமானத்தின் வழியே மேலும் நடந்து, வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்றும், சக்தி உருமாறுமேயன்றி அழிவதில்லை என்றும் 1842இல் எழுதி வெளியிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, போட்ஸ்டாம் நகரில் பிரஷ்ய ராணுவத்தின் ரணவைத்தியராயிருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதே தத்துவத்தைக் கணித ரூபத்தில் நிலைநாட்டினார். விழியின் உட்புறத்தைக் காட்டும் கருவியை 1851இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே.

சூத்திரங்களின் தலைப்பாக மட்டும் நம் பிள்ளைகள் மனனம் செய்யும் பெயர்களுள் வைத்தியர்கள் இத்தனை பேரா என்று வியப்புத் தோன்றும். காந்தத்தைப் பற்றிய முதற்பெரும் நூலை 1600இல் எழுதிய கில்பர்ட், எலிசபெத் ராணியின் அரண்மனை வைத்தியர். ஒளி அலைகளின் குறுக்கீட்டை நிறுவிய தாமஸ் யங் லண்டனில் வைத்தியத் தொழில் நடத்தியவர். கண்ணின் வில்லை தூரத்துக்கும் அருகுக்கும் ஏற்பத் தன்னை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதே அவருடைய முதல் ஆராய்ச்சி. பாரிஸ் வைத்தியரான புவாசெய், மெல்லிய நாளங்களில் இரத்தம் ஓடும் விதத்தை அறிய விரும்பி, அதன்பொருட்டு நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி வருஷக்கணக்கில் அளந்து பார்த்தார். இதயம் ஒரு நிமிஷத்தில் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று கணக்கிடும் முறையை 1870இல் கூறிய ஃபிக், அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே பரவலின் விதியைக் கண்டவர். இவர்களுள் பலரைப் பௌதிகத்துக்குள் அழைத்துச் சென்றது மனித உடலைப் பற்றி எழுந்த ஒரு வினாதான். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயச் சர்வகலாசாலைகள் வைத்திய மாணாக்கனுக்கு அடிப்படை விஞ்ஞானப் பரீட்சையொன்றை விதித்து அதில் பௌதிகத்துக்கும் ஓர் ஆசனம் அளித்தது நியாயமான காரியமே. 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்து, மறு வருஷமே ஆஸ்பத்திரிகள் அவற்றைக் கையாளத் தொடங்கிய பின்பு, அந்த ஆசனத்தை ஆட்சேபிக்க யாருக்கும் வாய் எழவில்லை.

சென்னையில் 1835இல் சிறு வைத்தியப் பள்ளியாகத் தோன்றி 1850இல் கல்லூரி என்ற பெயர் பெற்ற ஸ்தாபனமும், 1857இல் நிறுவப்பட்ட சர்வகலாசாலையும் இந்த மரபையே சுவீகரித்துக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் டாக்டராக விரும்பியவர் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாண்டு இன்டர்மீடியட் வகுப்பில் பௌதிகம், இரசாயனம், இயற்கை விஞ்ஞானம் ஆகிய மூன்றையும் பயின்று தேற வேண்டியிருந்தது. 1950களின் நடுவில் இன்டர்மீடியட் மறைந்து ஓராண்டுப் பி.யு.சி. வந்தபோதும் பாடங்களின் இந்தச் சேர்க்கை மாறவில்லை. பின்னாளில் நேர்ந்த துன்பத்துக்கெல்லாம் வித்து இங்கேதான் இருந்தது என்பது என் துணிபு. எஞ்சினீயராகப் போகிறவன் பௌதிகத்தையும் கணிதத்தையும் ஒருங்கே படித்தான். டாக்டராகப் போகிறவனோ கணிதத்தை எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடித்துக்கொண்டு, தவளையையும் கரப்பான்பூச்சியையும் அறுத்துப் பார்க்கும் அறைக்குள் நுழைந்துவிட்டான். ஹெல்ம்ஹோல்ட்ஸின் காலத்திலிருந்து பௌதிகம் கணிதத்தின் தோள்மீது ஏறியே வந்திருக்கிறது. நம் பாடத்திட்டம் அதைக் கீழே இறக்கித் தனியே நடக்கச் சொன்னது.

ஆயினும் அந்நாளைய மாணாக்கனுக்கு ஒரு பெரிய ஆதரவு இருந்தது. அது சோதனைச்சாலை. நுண்புழைக் குழாயில் நீர் ஏறும் பரிசோதனையை ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வெவ்வேறு துளையளவுள்ள மூன்று கண்ணாடிக் குழாய்களைத் தாங்கியில் பொருத்தி, பக்கத்திலே வளைந்த ஊசியொன்றின் முனை நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்குமாறு அமைத்து, நகரும் நுண்ணோக்கியின் வழியே நோக்கினால், குழாய்க்குள் பிறை போலக் குழிந்திருக்கும் நீர்மட்டம் தலைகீழாகத் தோன்றும். கண்ணருகு வில்லையின் குறுக்குக் கம்பி அந்தப் பிறையைத் தொடும் வரையில் திருகைத் திருகி, முக்கிய அளவுகோலில் ஓர் எண்ணையும், வெர்னியரில் எந்தக் கோடு எதிர்க்கோட்டோடு பொருந்துகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து இன்னோர் எண்ணையும் குறித்துக்கொண்டு, பாத்திரத்தை அகற்றி ஊசிமுனைக்கும் அவ்வாறே செய்தால், நீர் ஏறிய உயரம் சென்டிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தோடு கிடைக்கும். அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஏறும் நீர், ஆரம் பாதியான குழாயில் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் ஏறியதைத் தன் கையாலேயே அளந்து பார்த்தவனுக்குத் தலைகீழ் விகிதம் என்றால் என்ன என்று வேறொருவர் சொல்லத் தேவையில்லை. கணிதம் விட்ட குறையைக் கை ஓரளவு நிரப்பியது. லாகரிதம் அட்டவணையைப் புரட்டிப் புரட்டி விடை காணும்போது, எண்களின் அளவைப் பற்றிய ஓர் உணர்வும் அவனுக்குத் தானாகவே படிந்தது.

1978இல் பி.யு.சி. போய்ப் பிளஸ் டூ வந்தது. கல்லூரியில் இருந்த பௌதிகம் மேனிலைப் பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. தமிழிலேயே படித்து வந்தவர்கள் பி.யு.சி. வகுப்பில் திடீரென்று ஆங்கிலத்தில் அமிழ்ந்து தத்தளிக்கும் கொடுமையும் நீங்கிற்று. 1984 முதல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வும் நடத்தப்பட்டது. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணே பெரும்பங்கு தீர்மானித்ததால், பொதுத்தேர்வின் வினாத்தாள் எத்தன்மையதோ அத்தன்மையதாகவே பௌதிகக் கல்வியும் ஆகிவிட்டது.

அந்த வினாத்தாளின் அமைப்பை நினைவுகூர்வது நல்லது. 150 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 30. மூன்று மதிப்பெண் வினாக்கள் இருபதில் 15. ஐந்து மதிப்பெண் வினாக்கள் பன்னிரண்டில் 7. பத்து மதிப்பெண் வினாக்கள் எட்டில் 4. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா வரும் என்பதும் ஏறத்தாழ முன்கூட்டியே தெரியும். ஒரு பத்து மதிப்பெண் வினாவுக்குரிய விடையை, படம் உட்பட, புத்தகத்தில் உள்ளபடியே எழுதினால் முழு மதிப்பெண். இத்தகைய பரீட்சைக்கு மனனமே போதுமானதாயிற்று. இதைவிடப் பெரிய தீங்கு, பிளஸ் ஒன் பாடத்துக்கு அப்போது பொதுத்தேர்வு இல்லாமையால், பல பள்ளிகளில் அந்த ஆண்டிலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் தொடங்கி, இரண்டாண்டும் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கச் செய்ததுதான்.

பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தவை யாவை? இயக்கம், விசை, சுழற்சி, பாய்மங்கள், பரப்பு இழுவிசை, வெப்பம். மேயரும் புவாசெயும் உடலுக்குள் தேடிய பௌதிகம் முழுவதும் அங்கேதான் இருந்தது. டாக்டராகப் போகிற பிள்ளை தவறவிட்டதும் அதையேதான். குழாயில் ஓடும் திரவத்தின் அளவு, மற்றவை மாறாதபோது, ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதமானது என்று ஒரு வரியாக எழுதிவிடலாம். ஒரு மாணவி தாளை எடுத்து, நாளத்தின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்ததாக வைத்துக்கொண்டு, 0.9ஐ நான்கு முறை பெருக்கிப் பார்க்கட்டும். 0.6561 வரும். அதாவது, அழுத்தம் மாறாதிருந்தால், அந்த அற்பச் சுருக்கத்தினாலேயே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. ஆரம் பாதியானால் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. தமனி சிறிது தடித்தாலும் இதயம் ஏன் இத்தனை பாடுபடுகிறது என்பதை இந்தப் பெருக்கலைச் செய்தவள் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

2006இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டத்தால் மாநில நுழைவுத் தேர்வு ஒழிந்தது. உயிரியலுக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50 என்று 200க்குக் கணக்கிட்ட கட்ஆஃப் ஒன்றே பத்தாண்டுக்காலம் வழிகாட்டிற்று. நகரத்துப் பயிற்சி வகுப்புகளுக்குச் செல்ல வகையற்ற கிராமப்புறக் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் கதவைத் திறந்தது என்பதை நான் மனமார மதிக்கிறேன். அதே பத்தாண்டுகளில் மனனப் பழக்கம் வேரோடியதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிறகு 2017ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி தமிழ்நாட்டு மாணாக்கர் நீட் தேர்வில் அமர்ந்தபோது, 180 நிமிஷங்களில் 180 வினாக்கள். அவற்றுள் பௌதிகம் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 குறையும். பிளஸ் ஒன் பாடமும் பிளஸ் டூ பாடமும் கலந்து வந்தன. பொதுத்தேர்வுப் பௌதிகத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்களும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு செயலற்று அமர்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை அறிவற்றவர்கள் என்று சொன்னவர்கள் பெரும் அநியாயம் செய்தார்கள். நாற்பது வருஷமாக நாம் ஒன்றைக் கற்பித்துவிட்டு, ஒரே இரவில் வேறொன்றைக் கேட்டோம்.

அதன் பின்னர்ப் பௌதிகத்தில் தேறி வந்தவர்கள் தேறிய விதம் புதுமையானதன்று. பழைய சோதனைச்சாலை கற்பித்ததையே தாளின்மேல் மீண்டும் கற்றார்கள். நல்ல ஆசிரியர் எவரும் இப்போது பிளஸ் ஒன் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறார். கணக்கைப் படித்ததும் சூத்திரத்தைத் தேடி ஓடாமல், முதலில் படம் வரைந்து, பொருளின்மீது செயற்படும் விசைகளை அம்புகளாக இட்டு, கொடுத்த அளவுகளை அலகோடு ஒருபுறம் எழுதி, விடை சுமார் எவ்வளவு இருக்கக்கூடும் என்று ஊகித்த பிறகே கணக்கிடப் பழக்குகிறார். நீட் தேர்வில் கால்குலேட்டரும் இல்லை, லாகரிதம் அட்டவணையும் இல்லை. ஆதலால் இந்த ஊகம் வெறும் அலங்காரமன்று. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரத்தைக் கேட்டால், பையின் வர்க்கமும் புவியீர்ப்பு முடுக்கமும் இரண்டுமே ஏறக்குறைய 10 என்று கண்டுகொண்டவன், ஒரு வரியும் எழுதாமல் 2 வினாடி என்று சொல்லிவிடுவான். மற்றவன் வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்டி இரண்டு நிமிஷத்தை இழப்பான்.

விடைக்குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்வதைத் தானே விடைகண்டதாக எண்ணிவிடும் மயக்கம்தான் இந்த அப்பியாசத்தில் பெரும்பாலோரை ஏமாற்றுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியராயிருந்த எச்.சி.வர்மாவின் பௌதிக நூலின் இரண்டு பாகங்களும் 1992 முதல் நாடெங்கும் மாணாக்கர் கையில் இருந்து வருகின்றன; ஆனால் அதில் தீர்த்துக் காட்டிய கணக்குகளை மட்டும் கதை போல வாசித்துவிட்டு, அத்தியாயத்தின் இறுதியில் உள்ளவற்றைத் தொடாமல் விட்டவர்களுக்கு அந்நூல் ஒரு பயனும் தராது. தவறிய கணக்கைத் தனி நோட்டில் எழுதிவைத்து, தவறியது பௌதிகமா, பெருக்கலா, வினாவை வாசித்த விதமா என்று பக்கத்திலே குறித்து, ஒரு வாரம் கழித்து விடையைப் பாராமல் மீண்டும் போடுகிறவர்கள் உயர்கிறார்கள். மாதிரித் தேர்வுகளை அடுக்கடுக்காக எழுதிக்கொண்டே போய், எதையும் திரும்பிப் பாராதவர்களின் மதிப்பெண் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025-26இல் அது நீக்கப்பட்டது. 2018-19 கல்வியாண்டில் புதிய பாடநூல்கள் வந்தன. புதிய பிளஸ் ஒன் பௌதிக நூலின் இயக்கவியல் பாடத்திலேயே திசையன்களும், வகைநுண்கணிதமும், தொகைநுண்கணிதமும் சுருக்கமாகச் சேர்க்கப்பட்டன. ஃபர்ஸ்ட் குரூப்பில் உயிரியலோடு கணிதமும் எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் பழகிய பொருள். தாவரவியலும் விலங்கியலும் எடுத்துக் கணிதத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டுவந்த செகண்ட் குரூப் மாணவிக்கோ, அவைதாம் கடலைக் கடக்கும் தோணி. அவளுடைய வகுப்பில் அந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதைக் கேள்வியுறும்போது மனம் பதைக்கிறது. கணித ஆசிரியர் அடுத்த அறையிலேயே இருக்கிறார். ஜூன், ஜூலை மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அவரையே செகண்ட் குரூப் வகுப்புக்கு அனுப்பி, சரிவு என்றால் என்ன, வளைகோட்டின்கீழ் உள்ள பரப்பு எதைக் குறிக்கிறது, ஒரு விசையை இரண்டாகப் பிரிப்பது எப்படி என்ற மூன்றையும் கரும்பலகையில் நிதானமாகக் கற்பித்துவிட்டால், அதன்பிறகு பௌதிக ஆசிரியர் தம் பாடத்தைத் தடையின்றி நடத்தலாம். தலைமையாசிரியர் ஒருவர் மனம் வைத்தால் இந்த ஆண்டே, ஒரு காசும் செலவில்லாமல், கால அட்டவணையில் இதற்கு இடம் கண்டுவிடலாம்.