வெவெஸ்ஸ தோட்டத்துத் துரை யாரைக் கேட்டு முடிவெடுத்தார்?

நீளமான பதிவு. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை வகுப்பில் 1818 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி படிப்பித்துக்கொண்டிருந்தேன். அடக்கப் போன கெப்பெட்டிபொல கிளர்ச்சிக்காரர் பக்கமே சேர்ந்துகொண்ட கதையைச் சொன்னால் எந்த வகுப்பும் நிமிர்ந்து உட்காரும். அன்றைக்கும் உட்கார்ந்தார்கள். கடைசி வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எங்க ஆளுங்க ஒருவாட்டியும் எதுத்துக் கேக்கலையா?"

எங்க ஆளுங்க என்றால் தோட்டத்து ஆட்கள். அவள் லயத்தில் இருந்து வருகிறவள். நான் பதுளை பஸார்க்காரன். எங்கள் வீட்டில் தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேச்சு வருவது சம்பள நாளிலும் தீபாவளி முற்பண நாளிலும்தான், யார் எவ்வளவு கடன் என்ற கணக்கில். கலாசாலையில் படித்த காலத்தில்தான் 1940ஐப் பற்றி முதன்முதலாக வாசித்தேன். அதுவும் பாடத்திட்டத்தில் இல்லை, நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. அன்று மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். ஆட்களைக் கொண்டுவந்தவர் பெரிய கங்காணி. பயணச் செலவே கடனாக எழுதப்படும். முந்திய தோட்டத்தில் கொடுத்த 'துண்டு' கையில் இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தோட்டம் தனியார் காணிதானே. வெளியில் இருந்து ஒரு தொழிற்சங்கக்காரர் லயத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். வேலை, வீடு, மருந்து, பிள்ளைமடுவம், எல்லாம் ஒரே துரையின் கையில். அவர் 'பற்றுச்சீட்டு' கொடுத்து அனுப்பினால் வேலையோடு வீடும் போய்விடும். பிரட்டுக்களத்தில் வாய் திறக்கிறவனுக்கு அன்று இரவு படுக்க இடம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை.

1939இல் யுத்தம் தொடங்கிச் சாமான் விலை ஏறியது. அதே ஆண்டு நேரு வந்துபோன சூட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சியும் தோட்டங்களுக்குள் சங்கம் கட்டிக்கொண்டிருந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்ட பகுதியில் உள்ள முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். விசாரணை ஆணைக்குழு வந்தது. ஆணைக்குழு உட்கார்ந்திருக்கும்போது வேலைநிறுத்தக்காரர் மேலுள்ள வழக்கைத் தள்ளிப்போடுங்கள் என்று உள்துறை அமைச்சர் சொல்ல, பொலிஸ் மா அதிபர் கேட்கவில்லை. ஆளுநர் பொலிஸ் பக்கம் நின்றார். அமைச்சர்கள் ராஜினாமாக் கடிதமே கொடுத்துவிட்டார்கள். ஒரு கூலித் தொழிலாளியின் சாவு கொழும்பு வரைக்கும் அந்த அளவுக்கு ஆட்டிவைத்தது.

வேலைநிறுத்தங்கள் மலையிறங்கி ஊவாப் பக்கம் வந்தன. இங்கே முன்னின்றவர்கள் எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக்க, வி. சிற்றம்பலம் முதலான சமசமாஜிகள். பெயர்களைக் கவனியுங்கள். இரண்டு சிங்களவர், ஒரு தமிழர். அந்த நேரத்தில் அது ஒரு செய்தியாகவே யாருக்கும் படவில்லை. தோட்டத் துரைமார் பதுளை நீதவானிடம் போய்க் கூட்டங்களுக்குத் தடை உத்தரவு வாங்கினார்கள். மே 12ஆம் திகதி என்.எம். பெரேரா அந்தத் தடையை மீறிப் பதுளையில் பேசினார். கூட்டம் அவ்வளவு பெரிது. பொலிஸ் ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தக் கூட்டம் இல்லை, வெவெஸ்ஸ தோட்டம்.

அங்கே தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். தோட்டத்துத் துரை அந்தச் சபையோடு கலந்து பேசித்தான் முடிவெடுப்பேன் என்று ஒத்துக்கொண்டார். 'ஒழுங்கை நிலைநாட்ட' வந்த ஆயுதப் பொலிஸின் துப்பாக்கிகளைத் தொழிலாளர்களே பறித்தார்கள் என்று தொழிற்சங்க வரலாறுகள் பதிந்து வைத்திருக்கின்றன.

இதை இரண்டு தடவை வாசித்தேன். சம்பளத்தைக் கூட்டு என்று கேட்பதைத் துரைமார் சமாளித்துவிடுவார்கள். நாலு சதம் கொடுப்பார்கள், தேயிலை விலை விழுந்தால் திரும்ப எடுப்பார்கள். யாரைக் கேட்டு இந்த முடிவு என்று கேட்பது வேறு. அந்தக் கேள்வியில் கங்காணி, கணக்குப்பிள்ளை, கண்டக்டர், துரை என்ற முழு ஏணியும் ஆடும். கையெழுத்துப் போடவே தெரியாதவர்கள் என்று கோப்புகளில் எழுதப்பட்ட மனிதர்கள் வாக்குப் போட்டு ஆள் தெரிந்தார்கள். அதனால்தான் அவ்வளவு பயம் வந்தது என்று நினைக்கிறேன்.

அது நீடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெருமழை. வெள்ளத்தால் ஊவா ஒரு வாரத்துக்கும் மேலாக மற்றப் பகுதிகளில் இருந்து துண்டிக்கப்பட்டது. வெளி உதவி வராத அந்த நாட்களில் பொலிஸ் அடக்குமுறை வேலைநிறுத்தத்தை முறித்தது. ஜூன் மாதம் என்.எம்., பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, சமரக்கொடி நால்வரும் கைதானார்கள். அதே ஆண்டு தோட்டச் சொந்தக்காரர்களும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச ஒப்பந்தம் ஒன்றுக்கு வந்தார்கள். சங்கம் வைக்கும் உரிமை ஏற்கப்பட்டது. பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் வெவெஸ்ஸ போல ஒரு சபை அதற்குப் பிறகு எங்கேயும் வேர்விடவில்லை. பேச்சுவார்த்தை மெல்ல மெல்லக் கொழும்புக்குப் போனது. பிரட்டுக்களத்தில் நிற்கிறவர்கள் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள் ஆனார்கள்.

1947 தேர்தலில் பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரு சமசமாஜியும் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத்தில் காங்கிரஸுக்கு மொத்தம் 7 ஆசனம். அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம், அதன் பின்னால் வாக்குரிமை பறிப்பு. 1952 தேர்தலில் அந்த 7இல் ஒன்றும் இல்லை. வாக்குப் போட்டால் எதிர்த்து வாக்குப் போடுகிறார்கள், ஆகவே வாக்கையே எடுத்துவிடு. கணக்கு அவ்வளவு எளிது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் கதை கட்டுகிறவனாகிவிடுவேன். 1948இல் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் சமசமாஜிகள் முன்னணியில் நின்றார்கள். 1964 ஜூனில் அதே கட்சி சிறிமாவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. என்.எம். நிதி அமைச்சர். ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை. பதுளையில் தடையை மீறிப் பேசிய மனிதர், தன் முன்னால் நின்று கேட்டவர்களைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்த அரசாங்கத்தின் அமைச்சரவையில் இருந்தார். சமரக்கொடி அந்தக் கூட்டணியை ஏற்காமல் கட்சியை விட்டு வெளியேறியவர். அவரைப் பற்றிப் பதுளையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

மீரியபெத்தவுக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மண்சரிவு. அந்த லயங்கள் ஆபத்தான இடத்தில் இருக்கின்றன, ஆட்களை மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை அலுவலகங்களுக்குப் போனது. மலை லயத்தின் மேல் வந்தது. வெவெஸ்ஸவில் இருந்தது போல ஒரு சபை அங்கே இருந்து, அந்தக் கடிதம் அதன் முன்னால் வாசிக்கப்பட்டிருந்தால் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு. யோசித்து என்ன.

புதன்கிழமை அந்த வகுப்பு திரும்ப வருகிறது. கரும்பலகையில் 1818க்குக் கீழே 1940 என்று எழுதப்போகிறேன். "சேர், இது சோதினைக்கு வருமா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

வராது.