பனிக்கணவாயைக் கடந்த மூவர்

1894 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23 ஆந் திகதி, விடியுமுன் நாலரை மணிக்கு, சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலிருந்து மூவர் புறப்பட்டனர். ஒருவர் ஷெர்லொக் ஹோம்சைப் படைத்த ஆதர் கொனன் டொயில். மற்றிருவர் அவ்வூரவரான தொபியாஸ், யொகானஸ் பிராங்கர் என்னுஞ் சகோதரர். சயரோகத்தால் நலிந்த தம் மனைவிக்கு மலைக்காற்று மருந்தாகுமென நம்பியே டொயில் அங்கு தங்கியிருந்தார். ஹோம்சை அந்நாட்டு நீர்வீழ்ச்சியொன்றில் வீழ்த்திய கதை வெளிவந்து அப்போது மூன்று மாதங்களே ஆகியிருந்தன!

நோர்வே மக்களுக்குச் சறுக்குக்கட்டை பன்னெடுங்காலப் பழக்கம். நான்சன் 1888 இல் அதன் துணைகொண்டு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்த பின்னரே மத்திய ஐரோப்பா அதனை ஊன்றி நோக்கியது. சேணந் தைக்குந் தொழிலாளியான தொபியாசும் அவர் சகோதரரும் அதனைப் பழகப் புகுந்தபோது ஊரார் நகைத்தனர். ஆதலின் இருள் சூழ்ந்த பின்னரே பழகினர். 1893 இல் மையென்பெல்டர் பூர்கா என்னுங் கணவாயைக் கடந்து, அயற்பள்ளத்தாக்கிலுள்ள அரோசாவை அடைந்தனர். மறு ஆண்டு டொயிலை அழைத்துச் சென்றதும் அவ்வழியேதான்.

இளவேனிற் பனி வஞ்சகமானது. இரவில் உறைந்து ஆளைத் தாங்கும். வெயில் ஏறியதும் இளகிக் காலை விழுங்கும், சில வேளை மலைச்சரிவோடு சரிந்தும் வரும். விடியுமுன் புறப்படுவதன் காரணம் இதுவே. எட்டடி நீள எல்ம் மரக்கட்டைகளின் நடுவே வாரினாற் பாதத்தைப் பிணித்துக்கொண்டு, ஏறத்தாழ 2,440 மீற்றர் உயரமான அக்கணவாயை நோக்கி அவர்கள் வளைந்து வளைந்து ஏறினர். இழுத்தேற்றும் இயந்திரம் எதுவும் அக்காலத்தில் இல்லை.

இறக்கத்திலேதான் வேடிக்கை. செங்குத்தான ஓரிடத்திற் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றின்மேல் அமர்ந்து சறுக்கினர். டொயில் குதிகாலை ஊன்றியதும் பின்புறமாகத் தூக்கியெறியப்பட்டார். கட்டைகளோ வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல் அவரை விட்டுப் பறந்தன. எஞ்சிய சரிவில் அவருடைய காற்சட்டையே வாகனமாயிற்று. இதனை அவரே ஒளியாது, அவ்வாண்டு டிசம்பரில் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையிற் சுவைபட எழுதினார்.

ஆனால் 1924 இல் வெளியான தம் நினைவுக்குறிப்பிலோ, அம்மாநிலத்திற்குச் சறுக்குக்கட்டையை முதலில் அறிமுகஞ் செய்தவர் தாமே என உரிமை கோரினார். அல்லது, அதன் பயனையேனும் முதலிற் காட்டியவர் தாமே என்றார். இருளிற் பழகிய சகோதரருக்கு இது நீதியன்று. எழுத்தாளரின் புகழ் பெரிது. எனவே உலகம் அதனையே நெடுங்காலம் நம்பியது.

முற்பகல் பதினொன்றரை மணிக்கு மூவரும் அரோசாவை அடைந்தனர். அவர்கள் ஒரு மணிக்கு முன் வந்துசேரார் எனக் கணக்கிட்ட ஊரார் வேடிக்கை பார்க்க வெளியே வந்தபோது, டொயில் விடுதியில் மதிய உணவை முடிக்குந் தறுவாயிலிருந்தார். விடுதிப் பதிவேட்டை நிரப்பியவர் தொபியாஸ். டொயிலின் தொழில் யாதென்ற இடத்தில் அச்சேணத் தொழிலாளி எழுதிய சொல்: 'விளையாட்டு வீரர்'.