சரிவில் உருவான பண்ணை

தக்காளி அறுவடை இயந்திரம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவானது. விவசாயத்தின் எதிர்காலமே இயந்திரம்தான் என்று அங்கே நம்பினார்கள். அதே பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் 1967-ல் நேர் எதிரான முயற்சி ஒன்று தொடங்கியது.

சாண்டா குரூஸ் அப்போது திறந்து இரண்டே ஆண்டுகள் ஆன வளாகம். மாணவர்களுக்கென்று ஒரு தோட்டம் வேண்டும் என்று தத்துவப் பேராசிரியர் பால் லீ விரும்பினார்; வேந்தர் டீன் மெக்ஹென்றி சம்மதித்தார். தோட்டம் போட வந்தவர் ஆலன் சாட்விக். இங்கிலாந்துக்காரர், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். சாண்டா குரூஸில் தோட்டம் அமைக்கும்படி அவரைத் தூண்டியவர், ஹிட்லர் ஆட்சியால் 1945-ல் தூக்கிலிடப்பட்ட ஹெல்முத் ஃபான் மோல்ட்கேயின் மனைவி ஃபிரேயா.

சாட்விக் தேர்ந்தெடுத்தது புதர் மண்டிய, சத்தில்லாத நான்கு ஏக்கர் சரிவு. டிராக்டர் இல்லை, ரசாயன உரம் இல்லை. காலால் மிதித்து இறக்கும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே தோண்டத் தொடங்கினார். வகுப்புக்குப் போகிற வழியில் வேடிக்கை பார்த்த மாணவர்கள், ஒவ்வொருவராகக் கூடச் சேர்ந்தார்கள்.

அவர் கற்றுக்கொடுத்தது இரட்டைத் தோண்டல். மேல்மண்ணை ஓரடி ஆழத்துக்கு எடுத்துவிட்டு, அடியில் இருப்பதையும் ஓரடிக்குப் பொலபொலப்பாக்க வேண்டும். பிறகு மட்கிய எருவைக் கலந்து மேட்டுப்பாத்தி கட்ட வேண்டும். வேர் ஆழமாக இறங்குவதால் செடிகளை நெருக்கமாக நடலாம். இலைகள் ஒன்றையொன்று தொட்டு நிழல் தர, ஈரம் தங்கும், களை அடங்கும். சில ஆண்டுகளில் சரிவு முழுக்கக் காய்களும் பூக்களும் நிறைந்தன. பூக்களை வளாகத்தில் இருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

1970களின் தொடக்கத்தில் வளாகத்தின் கீழ்ப்பகுதியில் 17 ஏக்கர் கிடைத்தது. தோட்டம் பண்ணையாக வளர்ந்தது. சாட்விக் விலகிச் சென்ற பின்பும் அவரிடம் பயின்ற மாணவர்கள் அதைக் கைவிடவில்லை. 1980-ல் சூழலியல் அறிஞர் ஸ்டீஃபன் கிளீஸ்மன் வந்து சேர்ந்ததும் வேளாண் சூழலியல் அங்கே முறையான கல்வித் துறையாக உருப்பெற்றது. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே தங்கி உழைத்து விவசாயம் பயின்றிருக்கிறார்கள்.

முதலில் மாணவர்கள் மண்ணில் இறங்கினார்கள். பாடத்திட்டம் அவர்கள் பின்னால் வந்தது. கல்லூரி நடத்துகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வளாகத்தில் சும்மா கிடக்கும் நிலத்தில் ஒரு துண்டை மாணவர்களிடம் ஒப்படைத்துப் பாருங்கள்.