எஞ்சின் விளக்கின் வரலாறும் நம் தீவுப் பழைய கார்களும்

நம் அந்தமான் தமிழ்க் குடும்பங்களில் கார் என்றால் பெரும்பாலும் பழைய கார்தான். சென்னையில் ஒருவர் சில வருடம் ஓட்டி விற்றதை வாங்கி, கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கியிருப்போம். அப்படிப்பட்ட காரில் ஒரு நாள், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும். "வண்டி நல்லாத்தானே ஓடுது, லைட்டு மட்டும் எரியுது" என்பார் உரிமையாளர். "சென்சார் போயிருக்கும், மாத்திடலாம்" என்பார் பக்கத்தில் நிற்பவர். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) உதிரிபாகக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், இந்த இரண்டு பேச்சையும் நான் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். அந்த விளக்கு எதற்காகப் பிறந்தது என்று தெரியாததால் வரும் பேச்சுகள் இவை. எனவே அதன் வரலாற்றை முதலில் காண்போம். பழுது பார்க்கும் முறையும் அந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கும்.

புகைமூட்டத்தில் தொடக்கம்

1940களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பட்டப்பகலில் கண்ணை எரிக்கும் ஒரு மூட்டம் கவியத் தொடங்கியது. காரணம் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அந்நகரை அடுத்த கால்டெக் நிறுவனத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் இருந்தார். பிறப்பால் டச்சுக்காரர், அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்தவர். கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளிவரும் எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுடன் கலந்து வெயிலில் ஓசோனாக மாறுகிறது என்று 1950களின் தொடக்கத்தில் இவர் கண்டறிந்து சொன்னார்.

பின்னர் 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டம் இயற்றி, காரின் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் 90 சதம் குறைக்கச் சொன்னது. அதன் விளைவாக 1975ஆம் வருட மாடல்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. உள்ளே தேன்கூடு போன்ற கண்ணறைகள். அவற்றின்மேல் பிளாட்டினம் போன்ற உலோகப் பூச்சு. அந்தப் பூச்சின்மேல் ஈயம் படிந்தால் கன்வர்ட்டர் செத்துவிடும். அதனால்தான் கன்வர்ட்டர் வந்த ஊர்களில் எல்லாம் ஈயமில்லா பெட்ரோலும் கூடவே வரவேண்டியதாயிற்று.

இன்னொரு தேவையும் எழுந்தது. கார்பன் மோனாக்சைடு, பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே கன்வர்ட்டர் சுத்தம் செய்ய வேண்டுமானால், 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு அதிகம் பிசகக் கூடாது. கார்புரேட்டரால் அந்த அளவுக்கு முடியாது. ஆகவே புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், அதன் சொல்லைக் கேட்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்யூட்டர் என்ற ஏற்பாடு 1970களின் பிற்பகுதியில் உருவாயிற்று.

விளக்கு வந்த கதை

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1981இல் தன் அமெரிக்கக் கார்களில் பரவலாக இந்தக் கம்ப்யூட்டரையும், கூடவே செக் எஞ்சின் விளக்கையும் பொருத்தியது. அப்போதெல்லாம் கம்பெனிக்கு ஒரு பாஷை. அக்காலத்துப் பல சுசுகி கார்களில் ஒரு சிறு ஒயரால் இரண்டு முனைகளை இணைத்துவிட்டு, விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு மின்னல், பிறகு இரண்டு மின்னல், அதாவது 12 என்று வந்தால் குறை ஏதும் பதிவாகவில்லை என்று பொருள்.

கலிஃபோர்னியா மாநிலம் 1988ஆம் வருட மாடலிலிருந்து இந்தச் சுயபரிசோதனையைச் சட்டமாக்கியது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே 16 முனை இணைப்பு, ஒரே வகைக் குறியீட்டு எண் என்று ஆயிற்று. காரின் மாசு, அனுமதித்த அளவைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய குறை ஏற்பட்டால் விளக்கு எரிய வேண்டும் என்பதே அந்த விதியின் சாரம்.

இதை வாசகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். இந்த விளக்கை வைத்தது ஊர்க் காற்றுக்காக. ஓட்டுபவரின் சௌகரியம் அப்புறம்தான். வண்டி நன்றாக ஓடும்போதே விளக்கு எரிவது அதனால்தான்.

நம் நாட்டுக்கு வந்த வழி

இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 1991இல் முதல் மாசுக் கட்டுப்பாடு வந்தது. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. ஆனால் நாடு முழுவதும் ஈயமில்லா பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரி 1 முதல்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பெருநகரத்தில் வாங்கிய காரை வேறு ஊருக்குக் கொண்டுபோய் ஈயப் பெட்ரோல் ஊற்றியவர்களின் கன்வர்ட்டர் வெறும் இரும்புப் பெட்டியாகத்தான் மிஞ்சியிருக்கும்.

சுயபரிசோதனை ஏற்பாடு 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு வந்தது. அதுவும் முதலில் சென்னை முதலான 13 நகரங்களில். தொடக்கத்தில் அது பெரும்பாலும் மின்தொடர்பு அறுந்ததா என்று பார்த்தது. 2013 ஏப்ரல் முதல் கன்வர்ட்டரின் திறனையும் மிஸ்ஃபயரையும் கண்காணிக்கத் தொடங்கியது. பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலிலும், பாரத் ஸ்டேஜ் 6 2020 ஏப்ரலிலும் வந்தன. 1983 டிசம்பரில் பிறந்த மாருதி 800, இந்த நான்காம் படியை ஏறவில்லை. 2010இல் அந்த 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது.

ஆகவே 2011இல் செய்த இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும், ஒன்று சென்னைப் பதிவு, மற்றொன்று சிற்றூர்ப் பதிவு என்றால் இரண்டும் ஒரே பாஷை பேசும் என்று சொல்ல முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் தயாரித்த மாதம், வருடம், முதலில் பதிவான ஊர் மூன்றையும் பார்த்துவிட்டே ஸ்கேனரைத் தேட வேண்டும். 2010க்கு முந்திய பல கார்களில் 16 முனை இணைப்பு இருக்கும். ஆனால் மலிவான கையடக்க ஸ்கேனருக்கு அது பதில் சொல்லாமல் போகலாம். கம்பெனி ஸ்கேனர்தான் வேண்டியிருக்கும்.

உப்பும் ஈரமும்

நம் தீவில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. மற்ற நாளில் உப்புக் காற்று. ஊருக்குள் நம் ஓட்டமோ அபர்டீன் பஜாரிலிருந்து ஜங்கிலிகாட், அங்கிருந்து வீடு. எஞ்சின் முழுசாகச் சூடேறுமுன் நிறுத்திவிடுகிறோம். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீர் புகைக்குழாயிலேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. வெளியிலிருந்து உப்பு அரிக்கிறது. இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது.

இதனால் வரும் வேடிக்கையைச் சொல்கிறேன். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் குழாயில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால், புகை வெளியேறுவது மட்டுமல்ல, துடிப்புக்குத் துடிப்பு வெளிக்காற்று உள்ளேயும் இழுபடும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, 'ஆக்சிஜன் அதிகம்' என்று சொல்லும். அது பொய்யில்லை, கண்டதைச் சொல்கிறது. கம்ப்யூட்டரோ பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றும். மைலேஜ் குறையும், கன்வர்ட்டர் கெடும், ஸ்கேனரில் பி-0171 என்று வரும். எனக்குத் தெரிந்த ஒரு டாக்ஸிக்காரர் இதற்காக இரண்டு முறை சென்சார் மாற்றினார். ஒவ்வொரு முறையும் கப்பலில் சாமான் வரக் காத்திருப்பு வேறு. கடைசியில் குழாயில் ஒரு வெல்டிங் வைத்ததும் விளக்கு அணைந்தது.

குறியீட்டு எண் ஒரு சாட்சி. தான் கண்டதைத்தான் அது சொல்லும். குற்றவாளி யார் என்று நாம்தான் விசாரிக்க வேண்டும். பி-0420 என்றால் கன்வர்ட்டரின் வேலை குறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். உடனே கன்வர்ட்டரை மாற்று என்று அர்த்தமில்லை. பி-0300 என்றால் சிலிண்டர்களில் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக்கா, காயிலா, பெட்ரோலா என்பது அடுத்த கேள்வி.

விசாரணை முறை

முதலில் எண்ணையும், அது பதிவானபோது இருந்த வேகம், சூடு ஆகியவற்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து செலவில்லாதவை: ஏர் ஃபில்டர், பிளந்த ரப்பர் ஹோஸ்கள், பேட்டரியின் எர்த் ஒயர், களிம்பு பிடித்த இணைப்புகள், எலி கடித்த ஒயர். மூன்றாவதாகப் புகைக்குழாயில் எங்கே கரி கசிந்திருக்கிறது என்று பாருங்கள். அதன் பிறகே மல்டிமீட்டர். பெரும்பாலான கார்களில் எஞ்சின் சூடானதும் முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்க வேண்டும். கன்வர்ட்டருக்குப் பின்னால் இன்னொன்று இருந்தால் அது அதிகம் ஆடாமல் நிற்க வேண்டும். பாகம் வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி.

விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதை உருக்கும் அளவுக்குச் சூடாக்குகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிட வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு விளக்கே இல்லை, புகைதான் விளக்கு. கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நின்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது.

வாயடைப்பது தீர்வல்ல

"பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டுங்க, அணைஞ்சிடும்" என்பது நம் ஊரில் பிரசித்தமான வைத்தியம். பல கார்களில் விளக்கு அணையும். கூடவே எழுதி வைத்த வாக்குமூலமும் அழியும். பழுது போகாது. பல்பு மேல் கறுப்பு டேப் ஒட்டுவோரும் உண்டு. இதையே பெரிய அளவில் செய்தது ஃபோக்ஸ்வாகன் நிறுவனம். சோதனையின்போது மட்டும் சுத்தமாக நடந்துகொள்ளும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில் வைத்திருந்தது 2015இல் வெளியாயிற்று. ஏமாந்தது காற்றைச் சுவாசித்த மக்கள்.

நம் வீட்டிலும் அப்படித்தான். டிக்ளிபூர் போகும் வழியில் ஜிர்காடாங்கில் கான்வாய்க்காகக் காத்திருக்கும்போது, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அரித்த குழாயிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பின் சீட்டில் தூங்கும் பிள்ளைக்குத் தூக்கமா மயக்கமா என்று தெரியாது. பழைய காரில் எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருங்கள். வருடம் ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், வண்டியைத் தூக்கிக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாகம் விற்பது என் பிழைப்பு. ஆனாலும் சொல்கிறேன்: விளக்கு எரிந்தால் "சென்சார் கொடுங்க" என்று கேட்டு வராமல், எண்ணை எழுதிய தாளோடு வாருங்கள். என்ன தேவை என்பதைப் பேசிவிட்டு, பிறகு பாகத்தைப் பார்க்கலாம்.