கேம்பிரிட்ஜ் சீனியரிலிருந்து ஐ.ஈ.எல்.ரி.எஸ். வரை: பரீட்சைக்கு ஆங்கிலம் படித்த கதை

எமது கல்லூரி உருவாக்கிய வைத்தியர்களைப் பற்றி நூற்றாண்டு மலருக்கு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியபோது, அந்தப் பெயர்களுக்குப் பின்னால் வேறொரு கதை இருப்பது தெரிந்தது. ஆங்கிலத்தில் பரீட்சை எழுதாமல் எங்களில் எவரும் இந்தத் தொழிலுக்குள் வரவில்லை. ஆனால் எந்த வயதில், எந்தப் பரீட்சைக்காக, எப்படிப்பட்ட ஆங்கிலத்தைப் படித்தோம் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. பட்டியலை என்னைவிட நிதானமானவர்களிடம் ஒப்படைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கில உயர்கல்வி 1823 இல் வட்டுக்கோட்டை செமினறியோடும், பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824 இல் உடுவிலிலும் தொடங்கியதை நாம் அறிவோம். ஆனால் ஆங்கிலம் பரீட்சையாக மாறியது அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிந்தித்தான். 1880 இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் நடத்தப்பட்டன. லண்டன் மற்றிக்குலேசனும் அடுத்துவந்த ஆண்டுகளில் வந்தது. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் போகும். பெறுபேற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். மற்றிக்குலேசனில் ஆங்கிலம் கட்டாய பாடம். வேண்டிய பாடங்கள் எல்லாவற்றிலும் ஒரே அமர்வில் தேறவேண்டும். ஒன்றில் தவறினால் அத்தனையையும் திரும்ப எழுதவேண்டும். கணிதத்தில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை, ஆங்கிலக் கட்டுரை சரிவராததால் கணிதத்தையும் சேர்த்துத் திரும்ப எழுதிய காலம் அது.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல் திறக்கப்பட்டு, 1892 இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஆங்கிலம் இல்லாமல் அந்தக் கதவுப் பக்கம் போக முடியாது.

இதற்கு நேர்மாறான முயற்சியொன்றும் எங்கள் மண்ணில் நடந்தது. 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். 1860களில் அதைத் தமிழுக்கு மாற்றினார். மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் ஆக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்கச் சம்பளத்தைத் தேடிப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊர்களில் தங்கி வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. அவருடைய கணக்கு என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது.

1930களில் கேம்பிரிட்ஜ் சீனியருக்குப் படித்த என் அம்மம்மாவின் கொப்பி ஒன்று, எத்தனையோ இடப்பெயர்வுகளைத் தாண்டி எங்கள் வீட்டில் தப்பிக் கிடந்தது. நெஸ்ஃபீல்டின் இலக்கண நூலைப் பார்த்து எழுதிய பயிற்சிகள் அதில் இருந்தன. பிறகு வந்த றென் அன்ட் மார்ட்டினைத்தான் எங்களிற் பலர் அறிவோம். அந்தக் கொப்பியில் ஒவ்வொரு வசனமும் சொல் சொல்லாகப் பிரிக்கப்பட்டு, இது என்ன வகைச் சொல், என்ன எண், என்ன பால், என்ன வேற்றுமை, எந்தச் சொல்லோடு தொடர்பு என்று நிரல் நிரலாக எழுதப்பட்டிருந்தது. இன்றைய ஆங்கில ஆசிரியர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் நன்னூல் முறையில் பகுதி, விகுதி, இடைநிலை என்று பதம் பிரித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிய வித்தையே அல்ல. கையில் ஏற்கெனவே இருந்த ஆயுதத்தை வேறு மொழியில் தீட்டிக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. தமிழில் இல்லாததை ஆங்கிலம் கேட்கும் இடங்களில்தான் சிவப்பு மை நிறைந்திருந்தது. ‘எ’, ‘அன்’, ‘த’ என்ற சுட்டுச் சொற்களுக்குத் தமிழில் இணை கிடையாது. ‘வீட்டில்’, ‘மேசையில்’, ‘திங்கட்கிழமையில்’ என்று நாங்கள் ஒரே ‘இல்’ உருபால் முடித்துக்கொள்வதற்கு ஆங்கிலம் இன், ஒன், அட் என்று இடம் பார்த்து வேறு வேறு சொல் கேட்கும். பிறர் கூற்றைச் சொல்லுவதும் அப்படித்தான். “நான் நாளைக்கு வருவேன்” என்றாள் என்று, அவள் சொன்னதை அப்படியே வைத்து ‘என்று’ போட்டால் தமிழில் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் ‘நான்’ என்பது ‘அவள்’ ஆகவேண்டும், காலம் மாறவேண்டும், ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆகவேண்டும். அந்தப் பயிற்சி மட்டும் கொப்பியில் பல பக்கங்கள். அம்மம்மா தொண்ணூறு வயது தாண்டியும் அதில் பிழை விட்டதில்லை. வாய்திறந்து ஆங்கிலத்தில் பேசியதும் மிகக் குறைவு. பரீட்சை பேச்சைக் கேட்கவில்லை, அதனால் வகுப்பும் கேட்கவில்லை.

அந்தக் காலத்திலேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ், தாய்மொழிக்குக் கல்வியில் உரிய இடம் வேண்டும் என்றது. அதில் முன்நின்ற ஹன்டி பேரின்பநாயகமும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆங்கிலக் கல்வியில் வளர்ந்தவர்கள்தான். ஆங்கிலம் தெரியாததால் எழுந்த கோரிக்கையல்ல அது.

1945 இல் இலவசக் கல்வி வந்தது, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் அது ஏறி, 1960 இல் பல்கலைக்கழகக் கலைப்பீடம் வரை எட்டியது. விஞ்ஞானம் சற்றுப் பிந்தியது. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளும் மொழிபெயர்ப்பு நூல்களும் இல்லாவிட்டால் என் தாயாரின் தலைமுறை விலங்கியலைத் தமிழில் படித்திருக்க முடியாது. பிழைப்புக்காக எழுதப்பட்ட மொழிபெயர்ப்புகள் என்று அவற்றை இகழ்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. அதே நேரம், 1956 இன் சிங்கள மட்டும் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலமும் தளர்ந்துபோனதால், தெற்கோடு பேசும் பாலம் ஒன்று எங்கள் காலடியில் இருந்து நழுவியது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலோடு, எந்த மொழியில் பரீட்சை எழுதினாய் என்பதே வெட்டுப்புள்ளியைத் தீர்மானித்தது. மருத்துவத்துக்கு 400 இற்குத் தமிழ்மொழி மூலம் 250, சிங்களமொழி மூலம் 229 என்ற அந்த எண்களை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

எனது வகுப்பினர் உயர்தரம் எழுதியது தொண்ணூறுகளின் இறுதியில். 1990 இலிருந்து மின்சாரம் இல்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து, மறு ஆண்டு திரும்பி வந்து, விட்ட பாடங்களை ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பிடித்தோம். கலம், இழைமணி, ஒளித்தொகுப்பு, பிறபொருளெதிரி என்று எல்லாம் தமிழில். ஆங்கிலம் சாதாரண தரத்தோடு ஒதுங்கிவிட்டது. பல்கலைக்கழக அனுமதிக்கு அதன் புள்ளி சேராது என்பதால் ரியூட்டரிகளிலும் அதற்கு ஆள் இல்லை. எந்தப் பிள்ளையையும் இதற்குக் குறை சொல்லமுடியாது. புள்ளி எங்கே கிடைக்குமோ அங்கேதான் மண்ணெண்ணெய் எரியும்.

பிறகு மருத்துவபீடம். 1978 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது உட்பட நாட்டின் மருத்துவபீடங்கள் அனைத்திலும் போதனை ஆங்கிலத்தில்தான். முதலில் ஆங்கிலத் தீவிரப் பயிற்சி, உடனேயே உடற்கூற்றியல். ‘எங்களுக்குச் சொல் விளங்காது’ என்று வெளியில் எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். உண்மையில் கடினமான சொற்கள் பிரச்சினையாக இருக்கவில்லை. எலும்பின் இலத்தீன் பெயர் கொழும்பில் ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்கும் அந்நியம்தான். உடலியங்கியலின் கருத்து தமிழில் எங்கள் தலைக்குள் ஏற்கெனவே இருந்தது. தடுமாற வைத்தவை சின்னச் சொற்கள்: அன்லெஸ், டிஸ்பைற், வெயராஸ். ஒரு வசனத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடக்கூடிய இந்தச் சொற்களை உயிரியல் புத்தகத்தின் பின்பக்கச் சொல்லகராதி தராது.

பல்தேர்வு வினாக்களில் இது இன்னும் கூர்மையானது. ஒரு அறிகுறி குறித்த நோயில் ‘ஓல்வேய்ஸ்’ காணப்படும் என்றால் பெரும்பாலும் தவறு. ‘மே’ என்றால் பெரும்பாலும் சரி. ‘றெக்கக்னைஸ்ட்’ என்றால் அந்த நோயில் அது வரும் என்று அறியப்பட்டிருந்தால் போதும். ‘கரக்டறிஸ்டிக்’ என்றால், இல்லாவிட்டால் அந்த நோய்தானா என்று சந்தேகம் வருமளவுக்கு அடிக்கடி காணப்படும் அடையாளமாக இருக்கவேண்டும். பட்டப்பின் படிப்புக்கான தெரிவுப் பரீட்சைகளுக்குப் படித்த ஆண்டுகளில் நோயைப் பற்றி விவாதித்ததைவிட இந்த நான்கைந்து சொற்களைப் பற்றி நாங்கள் விவாதித்தது அதிகம். இதுவும் இலக்கணப் பயிற்சிதான். அம்மம்மாவின் கொப்பியிலிருந்து அதிக தூரமில்லை.

நோயாளியின் கட்டிலருகே நின்றால் பயணம் மறுபக்கமாக நடக்கும். “நாரி பிடிச்சுக்கொண்டு நிக்குது, சத்தி வருமாப்போல கிடக்கு” என்று ஒரு அம்மா சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் குறிப்பெழுதி, மேல்வைத்தியருக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்து, அவர் சொன்னதைத் திரும்பத் தமிழில் அந்த அம்மாவுக்கு விளக்கவேண்டும். இந்த வேலையை எந்தப் பரீட்சையும் சோதிப்பதில்லை.

இன்றைய பிள்ளைகளின் பரீட்சை ஐ.ஈ.எல்.ரி.எஸ். 1989 இல் அறிமுகமான இது, பேச்சையும் கேட்டல் திறனையும் சேர்த்தே அளக்கிறது. அந்த வகையில் பழையவற்றைவிட நேர்மையான பரீட்சை என்பது என் அபிப்பிராயம். பிரித்தானியாவில் வைத்தியராகப் பதிய மொத்தத்தில் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7 வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எமது வைத்தியசாலைகளின் ஓய்வறைகளில் அதிகம் கேட்ட இலக்கங்கள் இவைதான். போனவர்களை நான் குறை சொல்லவில்லை. இந்த மலரை லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாசிக்கப்போகும் சகோதரிகள் பலர் ஏதோ ஒரு ஆங்கிலப் பரீட்சையின் வழியாகத்தான் அங்கே போனார்கள். ஆனால் போவதற்கு மட்டும் ஆங்கிலம் படிப்பிக்கும் இடங்கள் யாழ் நகரில் வீதிக்கு வீதி இருக்கின்றன. இங்கேயே இருந்து படிக்கப்போகும் பிள்ளைக்குத்தான் இடமில்லை.

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் புகுவதற்கு இடையில் எமது பிள்ளைகள் நீண்ட மாதங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் கிழமைக்கு மூன்று காலைகள், கல்லூரி மண்டபத்திலேயே, மருத்துவமோ பொறியியலோ கலையோ எதற்குப் போகும் பிள்ளையாயினும் வந்திருந்து படிக்க ஒரு வகுப்பைச் சங்கம் நடத்தலாம். இலக்கணப் புத்தகத்தோடு தொடங்கவேண்டாம். பல்கலைக்கழக முதலாம் ஆண்டுப் பாடநூலின் ஒரு பக்கத்தை வைத்து, அதே விடயத்தைத் தமிழில் அவர்கள் படித்த பக்கத்தைப் பக்கத்தில் வைத்து, அந்தச் சின்னச் சொற்களைத் தேடிப் பிடிக்கச் செய்யலாம். வாய்மொழிப் பயிற்சிக்கு வெளிநாட்டுக் கிளைகளின் சகோதரிகள் தொலைபேசித் திரையில் வரலாம். நேர வித்தியாசத்தைப் பார்த்தால் மெல்பேணில் அப்போது பின்னேரம், அவர்களிடம் முதலில் கேட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் வைத்தியர்களில் நான் ஒருத்தி சனிக்கிழமைக் காலைகளுக்குப் பெயர் தருகிறேன்.