தேதியிட்டு எழுதிய விசுவாசம்: ஹாலே முதல் டோனாவூர் வரை

1838 செப்டம்பர் 18. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், வில்சன் தெருவின் வாடகை வீடுகளில் நடந்துவந்த அனாதைப் பிள்ளைகள் விடுதிகளில் அன்றைய செலவுக்குப் பணமில்லை. இல்லாமல் சமாளிக்கக்கூடிய சாமான்களை விற்றுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நெருக்கடி. பிற்பகலில், லண்டன் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் தன் மகள் கொடுத்தனுப்பிய 3 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸை, விடுதிகளை நடத்திவந்த ஜார்ஜ் முல்லரின் கையில் கொடுத்தார். அந்தப் பெண் பிரிஸ்டலுக்கு வந்து நான்கைந்து நாளாகியிருந்தது. தங்கியிருந்ததோ ஆண்பிள்ளைகள் விடுதிக்கு அடுத்த வீட்டில்.

சுவருக்கு அந்தப் பக்கம் பணம், இந்தப் பக்கம் ஜெபம். இப்படியே நான்கைந்து நாள் கழிந்திருக்கிறது. உதவி செய்வது தொடக்கத்திலிருந்தே தேவனுடைய எண்ணமாக இருந்தது, பிள்ளைகளின் ஜெபத்தில் அவர் பிரியப்படுவதால் இவ்வளவு நாள் ஜெபிக்க விட்டார் என்று முல்லர் தம் குறிப்பில் விளக்கம் எழுதினார். அந்த விளக்கத்தை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. இக்கட்டுரை கவனிப்பது அதற்கு முந்தைய ஒரு செயலை. ஷில்லிங்கையும் பென்ஸையும் விடாமல், தேதி போட்டு, பக்கத்து வீடு என்பதையும் சேர்த்து எழுதிவைத்தாரே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நம் வீடுகளில் தினமும் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பராமரிப்பை நம்பியவர்களே வரவையும் செலவையும் இழப்பையும் மிகத் துல்லியமாக எழுதிவைத்தார்கள். அந்த எழுத்து ஜெர்மனியில் தொடங்கித் திருநெல்வேலிச் சீமைவரை வந்த வழியைத்தான் இங்கே பின்தொடர்கிறேன்.

தொடக்கம் ஹாலே நகரை ஒட்டிய கிளௌகா. அங்கே போதகராக இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஏழைகளுக்காகத் தம் வீட்டில் ஒரு காணிக்கைப் பெட்டி வைத்திருந்தார். 1695இல் ஒருநாள் அதில் 4 தாலர் 16 குரோஷன் கிடந்தது. ஒரே ஆள் போட்ட காணிக்கை. இதைக் கொண்டு உருப்படியாக ஏதாவது தொடங்கியே ஆகவேண்டும் என்று தீர்மானித்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிப் பள்ளி தொடங்கினார். 1698இல் அனாதை விடுதியின் பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் விழுந்தது. அதன் முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகளும், ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் கடைசி வசனமும் இன்றும் இருக்கின்றன. 1727இல் பிராங்கே இறந்தபோது அங்கிருந்த பள்ளிகளில் 2,000 பேருக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பிராங்கே தம் அனுபவங்களை வெளியிட்ட நூல், உயிரோடிருக்கிற தேவனின் அடிச்சுவடுகள் என்ற பொருள்படும் தலைப்பைத் தாங்கியது. நிகழ்ச்சிகளைப் பணத்தொகையோடு சொல்வது அதன் பாணி. ஆனால் ஹாலேயின் வரவு முழுவதும் காணிக்கைப் பெட்டியிலிருந்து வந்ததாக நினைப்பது சரியாகாது. ஆட்சியாளர் வழங்கிய சலுகைகள் இருந்தன. அச்சகமும் புத்தகக்கடையும் நடந்தன. அங்கு தயாரான மருந்துகள் தூர தேசங்களுக்கு விலைபோயின. தேவ பராமரிப்பை நம்புவதும் மருந்துக்கடை நடத்துவதும் பிராங்கேக்கு முரணாகத் தோன்றவில்லை. பிற்காலப் பிரசங்கங்கள் இந்தப் பாதியை மறந்துவிட்டது வருத்தத்துக்குரியது.

ஹாலேயில் பயின்ற மிஷனரி சீகன்பால்கும் உடன்வந்த புளூட்சாவும் 1706 ஜூலை 9 அன்று டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்களுக்கென்று 1708இல் வந்த பணம் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது கடலில் மூழ்கியது. அதே ஆண்டின் இறுதியில் டேனிஷ் ஆளுநர் சீகன்பால்கைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதச் சிறை. பாதுகாப்பு என்பதற்கு ஆபத்தே வராமலிருத்தல் என்று பொருள் கொண்டால், தரங்கம்பாடியின் முதல் மூன்று ஆண்டுகள் அதற்கு எதிரான சாட்சி. ஆயினும் மிஷனரிகள் ஹாலேக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அக்கடிதங்கள் அங்கே தொடர் அறிக்கைகளாக அச்சாகி ஐரோப்பிய வீடுகளில் வாசிக்கப்பட்டன. தமிழ்க் கடற்கரையின் இழப்புகளும் தேவன் நடத்திய விதத்தின் பகுதியாகப் பதிவாயின.

ஒரு நூற்றாண்டு கழித்து இந்த மரபை ஓர் இளைஞர் பிடித்துக்கொண்டார். பிரஷ்யாவில் 1805இல் பிறந்த ஜார்ஜ் முல்லர், ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தபோது பிராங்கேயின் விடுதிக் கட்டடத்திலேயே ஏழை மாணவர்களுக்கான இலவச அறையில் இரண்டு மாதம் தங்கியிருந்தார். பின்னர் இங்கிலாந்து போய், 1830இல் போதகருக்குரிய நிலையான சம்பளத்தை வேண்டாமென்று விட்டார். 1835 நவம்பரில் பிராங்கேயின் வாழ்க்கை வரலாறு மறுபடி கையில் கிடைத்ததும் அனாதை விடுதி எண்ணம் உறுதிப்பட்டது.

அவர் சொன்ன காரணத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் உழைத்து உடலும் ஆத்துமாவும் வாடிப்போன ஒரு சபையாரை அவர் சந்தித்தார். வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால், குடும்பத்துக்குச் சாப்பாடு எப்படி என்று அவர் கேட்டார். இப்படிப்பட்டவர்கள் கண்ணால் பார்க்கும்படி ஒரு சான்று வேண்டும், மனிதரிடம் எதுவும் கேட்காமல் ஜெபத்தினால் மட்டும் பிள்ளைகள் வளர்ந்தால் அது சான்றாகும் என்பது முல்லரின் நோக்கம். பிள்ளைகளின் நலனை அவர் இதற்கு அடுத்தபடியாகவே வைத்தார். அந்த விடுதி, அன்றாடங்காய்ச்சிகளின் கவலைக்கு ஒரு பதிலாகப் பிறந்தது.

தட்டுகளோடு பிள்ளைகள் காத்திருக்க, ரொட்டிக்காரரும் பால்காரரும் கதவைத் தட்டிய கதை நம் மேடைகளில் அதிகம் கேட்பது. அதை இங்கே ஒதுக்கிவைக்கிறேன், ஏனெனில் முல்லரின் சொந்தக் குறிப்புகள் அதைவிடக் கனமானவை. ஒன்று மட்டும் பார்ப்போம். 1836 பிப்ரவரி 3ஆம் நாளை விண்ணப்பங்கள் வாங்குவதற்கென்று குறித்திருந்தார். வீட்டுக்காக ஜெபித்திருந்தார், பணத்துக்காக, வேலையாட்களுக்காக, தட்டுமுட்டுச் சாமான்களுக்காகவும் ஜெபித்திருந்தார். அன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. பிள்ளைகளை அனுப்பும்படி தாம் ஜெபிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று மாலை அதற்காகவே முழங்காற்படியிட்டார், மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. தம் மறதியையும் மறைக்காமல் எழுதியதால்தான் அவருடைய மற்றப் பதிவுகளும் நம்பத்தக்கவையாகின்றன.

எவரிடமும் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு ஆண்டறிக்கை அச்சிட்டால், அதுவே மறைமுகமாகக் கேட்பதாகாதா? இந்தக் கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது, நியாயமான கேள்விதான். முல்லரின் பதில் ஒரு செயலாக இருந்தது. 1841 டிசம்பரில் கையிருப்பு அறவே வற்றியிருந்த வேளையில், வழக்கமான பொதுக்கூட்டத்தையும் அறிக்கையையும் சில மாதங்கள் தள்ளிவைத்தார். தேவையைச் சொன்னால் பணம் வந்துவிடும் என்று தெரிந்தே தள்ளிவைத்தார். அறிக்கைகள் காணிக்கையைப் பெருக்கின என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே சமயம், தேவை மிகுந்த நாளில் வாயை மூடிக்கொண்டதும் பதிவில் இருக்கிறது. 1870இல் பிரிஸ்டலின் ஆஷ்லி டவுன் குன்றில் ஐந்தாவது கட்டடம் எழுந்தபோது 2,000 பிள்ளைகளுக்கு மேல் தங்க இடமிருந்தது.

முல்லரின் மைத்துனர் ஆந்தனி நோரிஸ் குரோவ்ஸ்தான் இந்த மரபைத் தமிழகத்தோடு நேராக இணைத்தவர். எக்சிடரில் நல்ல வருமானமுள்ள பல் மருத்துவர். உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டுப் பிழைப்புக்குத் தேவனைச் சார்ந்திருக்கலாம் என்று 1825இல் ஒரு சிறுநூல் எழுதினார், 1829இல் குடும்பத்தோடு பாக்தாத் போனார். 1831 வசந்தத்தில் அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. தெருத் தெருவாக வீடுகள் காலியாயின. டைகிரிஸ் வெள்ளம் மதிலை உடைத்து உள்ளே புகுந்தது. தம் வீட்டார் சுகமாயிருப்பதற்கு நன்றி கூறும் வரிகள் அவருடைய நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப வருகின்றன. மே மாதத்தில் மனைவி மேரி அந்நோயிலேயே இறந்தார். சில மாதங்களில் கைக்குழந்தையும் போயிற்று.

வாதை நம் கூடாரத்தை அணுகாது என்று 91ஆம் சங்கீதத்தைப் பிடித்துக்கொள்கிற நமக்கு இந்த இடம் கடினமானது. குரோவ்ஸின் நாட்குறிப்பு மறு ஆண்டே லண்டனில் அச்சாகி வந்தது. நன்றி கூறிய பக்கங்களும் புலம்பிய பக்கங்களும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. எதையும் அவர் கிழித்தெறியவில்லை. இந்த வரலாற்றின் உரைகல் என்று நான் கருதுவது பிரிஸ்டலின் பெரிய கட்டடங்களை அல்ல, பாக்தாதின் இந்தப் பக்கங்களையே.

1833இல் குரோவ்ஸ் இந்தியா வந்தார். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸைச் சந்தித்தார். ரேனியஸிடம் கல்வி கற்ற, 1810இல் பிறந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் குரோவ்ஸோடு சேர்ந்துகொண்டார். மிஷன் சம்பளம் கௌரவமான உத்தியோகமாக மதிக்கப்பட்ட காலம் அது. உபதேசியாருக்கு மாதம் இவ்வளவு என்று சங்கங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்துவந்தன. அருளப்பன் நிலையான சம்பளத்தை மறுத்தார். 1840இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே கிறிஸ்டியன்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கி, அங்கிருந்து ஊர் ஊராகப் போய்வந்தார். அவரும் நாட்குறிப்பு எழுதினார். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலில், சம்பளமில்லாமல் ஊழியத்துக்குப் புறப்பட்ட உள்ளூர் ஆண்களையும் பெண்களையும் நாம் காண்கிறோம்.

இங்கே மரபின் பொருளே மாறிவிடுகிறது. பிரிஸ்டலில் மனிதரிடம் கேட்காமலிருப்பது ஒரு தனிமனிதரின் பக்தி. திருநெல்வேலியில் அது வெள்ளைக்காரச் சங்கத்தின் சம்பளப் பட்டியலிலிருந்து ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் விடுபட்டு நிற்பதாயிற்று. வரலாற்றாசிரியர்கள் இதற்கு இன்னும் கூடுதல் இடம் தர வேண்டும்.

அருளப்பன் 1867இல் காலமானார். அதே ஆண்டில் அயர்லாந்தில் ஏமி கார்மைக்கேல் பிறந்தார். 1901இல் அவர் வந்து தங்கிய டோனாவூர், ரேனியஸின் பணிக்கு 1820களில் பொருளுதவி செய்த டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயரைத் தாங்கிய ஊர். கோயில்களுக்கு ஒப்படைக்கப்படவிருந்த பெண்பிள்ளைகளுக்காக அவர் உண்டாக்கிய இல்லமும் கடன் வாங்குவதில்லை, மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்ற நியதியிலேயே நடந்தது. பணம் வந்த விதத்தைச் சொல்வதற்கென்றே 1922இல் ஒரு நூல் எழுதினார், 1929இல் இன்னொன்று. பிராங்கேயின் பாணி இரண்டு நூற்றாண்டு கடந்து மலையடிவாரக் கிராமத்திலும் தொடர்ந்தது. 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்ட கார்மைக்கேல், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். அங்கிருந்தும் எழுதினார், வலியைப் பற்றியும் எழுதினார்.

இந்தப் பழக்கத்தின் சின்ன வடிவம் நம் வீடுகளிலும் உண்டு. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை ஒட்டி, கீழே பிள்ளையின் காய்ச்சல், பள்ளிக்கூடக் கட்டணம், அடகு நகை மீட்ட நாள் என்று வரிசையாக எழுதிய நோட்டுகள். இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் பதில் வந்த தேதி. சில வரிகளுக்கு எதிரே வலப்பக்கம் வெறுமையாகவே இருக்கும். பெரும்பாலும் பெண்கள் எழுதியவை. அன்றாடக் கிறிஸ்தவ வாழ்வின் வரலாற்றை எழுத வருகிறவருக்கு இவற்றைவிட நேரடியான ஆதாரம் கிடைக்காது. உங்கள் பாட்டியின் பெட்டியில் அப்படி ஒரு நோட்டு இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். யார் எழுதியது, எந்த ஊர், எந்தச் சபை என்று ஒரு தாளில் குறித்து உள்ளே வைத்து, மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்ற ஒரு நூலகத்தில் ஒப்படையுங்கள். வெறுமையாக விடப்பட்ட பக்கங்களையும் சேர்த்தே கொடுங்கள்.