அட்டையும் அறிவும்

காஞ்சி மாவட்டத்திலே இரு காட்சிகள்! இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் கார்கள் உருவாகின்றன. அங்கே இரும்புக் கரங்கள் தாமே நீளுகின்றன, தாமே பற்றவைக்கின்றன, தாமே ஒதுங்குகின்றன. அதே மாவட்டத்தின் தலைநகரில், பிள்ளையார்பாளையத்தில், குழித்தறியில் காலிறக்கி அமர்ந்திருக்கிறார் பட்டு நெசவாளி.

2011-இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் எழுந்த 'நான்காம் தொழிற்புரட்சி' என்ற முழக்கம் இன்று எங்கும் கேட்கிறது. முதற்காட்சியைக் காட்டி, "இது தயார்" என்கின்றனர். இரண்டாவதைக் காட்டி, "இவர் பழமையில் கிடப்பவர்" என்கின்றனர். மெய்தானா? வரலாற்றைப் புரட்டுவோம்.

1804-ஆம் ஆண்டு. பிரான்சின் பட்டு நகரமாம் லியோனைச் சேர்ந்த ஜக்கார்டு என்பார் தறிக்கு மேலே ஒரு கருவியைப் பொருத்தினார். துளையிட்ட அட்டைகள், ஊடைக்கு ஒன்றாக, வரிசையாகக் கோக்கப்பட்டன. துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் கிடக்கும். உண்டு, இல்லை! இவ்விரு சொற்களால் பூவும் கொடியும் பூத்தன. இங்கிலாந்தின் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இவ்வட்டைகளையே எடுத்துக்கொண்டார். 24,000 அட்டைகளால் பட்டிலே நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகையை எண்ணியதும் துளையட்டைகளே. கணினி பிறக்குமுன், தறியிடம் பாடம் கேட்டது உலகம்!

காஞ்சி நெசவாளருக்கு இது புதுமையா? 'அடை' என்னும் நூற்கட்டு முறையால், எந்த இழை எழவேண்டும், எது கிடக்கவேண்டும் என்று கணக்கிட்டுக் கோபுரக் கரையும் புட்டாவும் நெய்தவர் அவர். பின்னர் ஜக்கார்டு வந்தது, அதையும் தமதாக்கிக்கொண்டார். மார்க்கண்டேய முனிவரின் வழிவந்ததால் வாய்த்த வரம் இது என்று கதை கட்டினர். முனிவர் எண்ணவில்லை இழைகளை, நெசவாளி எண்ணினார்! கைத்திறன் என்று நாம் புகழ்வது, கையில் குடியேறிய கணக்கறிவே அன்றோ?

இன்று அட்டைக்கு மாற்றாக மின்னணு ஜக்கார்டு வந்துள்ளது. கணினித் திரையில் வரைந்த கோலம் நேரே கொக்கிகளுக்குக் கட்டளையாகிறது. அட்டை குத்தும் நாள்கணக்கு உழைப்பு மிச்சம். வரவேற்கிறோம்! கோர்வை நெசவிலே நெசவாளிக்கு எதிர்ப்புறம் நாடா தள்ளப் பிள்ளைகளை உட்காரவைத்து, அவர்தம் பள்ளிப் பருவத்தைத் தின்ற கொடுமையை நாம் மறக்கவில்லை. ஒரு சிறுவனைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பும் எந்தக் கருவியும் நமக்கு நண்பனே.

ஆனால் ஒரு கேள்வி. கருவி யார் கையில்? 2019-20-ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுவதாகச் சொல்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் போக எஞ்சுவது என்ன, அவர் மின்னணுக் கருவி வாங்க? வாங்குபவர் முதலாளி. கோலம் அவருடைய கணினியில். மிதி மட்டும் நெசவாளியின் காலில். கணக்கறிந்த கலைஞர், கட்டளை கேட்கும் கூலியாகிவிடுவார்!

லியோன் இதற்குப் பாடம். 1831-இல் அந்நகரப் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். தறியை உடைக்கவா? இல்லை. ஒப்புக்கொண்ட குறைந்தபட்சக் கூலியை வணிகர் மறுத்ததால்! பொறி வந்து இருபத்தேழு ஆண்டுகளாகியும் பசி போகவில்லை. ஏனெனில் பொறியின் பயன் உழைத்தவரைச் சேரவில்லை.

ஆகவே, "காஞ்சி தயாரா?" என்போருக்கு நம் விடை இது: நெசவாளியின் அறிவு என்றோ தயார். தயாராகாதவை பிற. கூட்டுறவுச் சங்கம் பொதுவிலே கருவியும் கணினியும் வாங்கித் தரத் தயாரா? பழுது பார்க்கும் பயிற்சியைப் பிள்ளையார்பாளையத்துத் தெருவிலேயே தரத் தயாரா? கோலம் வரையும் கணினிக்கல்வி, நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நெசவாளியின் மகனுக்கும் மகளுக்கும் எட்டுமா?

இளைஞர்களே! தறிமுன் அமர்ந்து இக்கேள்விகளைக் கேளுங்கள். சங்கக் கூட்டத்திலே எழுந்து கேளுங்கள். அட்டையைக் கண்ட அறிவு, அட்டைக்கு அடிமையாகக் கூடாது!